ஏற்கப்பட்ட முழங்கால் காயத்தால் பின்னர் வந்த முதுகுத் தேய்மானம்: இரண்டாம் மேல்முறையீட்டை எப்படி எழுதுவது?

எல்லையோர ஹவில்தார் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் பொறியாளர் படையில் 1999 ஜனவரியில் சேர்ந்து, 24 ஆண்டுப் பணியை முடித்து, 2023 ஜனவரியில் ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். காட்பாடியிலிருந்து சித்தூர் போகும் சாலையில் கிறிஸ்டியான்பேட்டை சோதனைச் சாவடியைத் தாண்டியதும் ஆந்திரப் பக்கம் இருக்கிறது எங்கள் ஊர். வீட்டில் பேசுவது தமிழ், ரேஷன் கார்டில் இருப்பது தெலுங்கு, வைத்தியத்துக்குப் போவது வேலூர், மனு கொடுக்கப் போவது சித்தூர்.

2009இல் அருணாச்சலப் பிரதேசத்தில் பெய்லி பாலம் கட்டிக்கொண்டிருந்தோம். அந்தப் பாலத்தின் ஒரு பேனல் ஏறத்தாழ 260 கிலோ இருக்கும். ஆறு பேர் சேர்ந்துதான் தூக்க வேண்டும். மழையில் முன்னால் இருந்தவருக்குக் கால் வழுக்கியதும், பேனலின் கீழ் மூலை என் இடது முழங்காலில் வந்து இறங்கியது. ஜவ்வு கிழிந்து அறுவை சிகிச்சை நடந்தது. காய அறிக்கையும் விசாரணை அறிக்கையும் முறைப்படி எழுதப்பட்டன. அன்று முதல் நான் லோ மெடிக்கல் கேட்டகரியில்தான், அதாவது முழு உடல்தகுதி இல்லாதவர்களுக்கான பிரிவில்தான் இருந்தேன். இடது காலில் முழு எடையையும் ஊன்ற முடியாததால் வலது காலைச் சார்ந்தே நடந்து பழகிவிட்டேன். 2014இல் இடுப்புத் தண்டுவடத் தேய்மானம் என்றார்கள். 2019இல் வலது முழங்கால் மூட்டுத் தேய்மானம் என்றார்கள். இன்றைக்கும் என் வலது செருப்பின் வெளி ஓரம் நான்கே மாதத்தில் தேய்ந்துபோகிறது, இடது செருப்பு புதிதாகவே இருக்கிறது.

ஓய்வுக்கு முந்தைய மெடிக்கல் போர்டு இடது முழங்காலுக்கு 30 சதவீதம், தண்டுவடத்துக்கு 30 சதவீதம், வலது முழங்காலுக்கு 20 சதவீதம், மூன்றுக்கும் சேர்த்து ஆயுள் முழுவதற்கும் 60 சதவீதம் என்று மதிப்பிட்டது. ஆனால் இடது முழங்காலை மட்டுமே பணியால் விளைந்ததாக ஏற்றுக்கொண்டு, மற்ற இரண்டுக்கும் ‘நெய்தர் அட்ரிபியூட்டபிள் நார் அக்ரவேட்டட்’ (பணியால் விளைந்ததும் அல்ல, தீவிரமடைந்ததும் அல்ல) என்று எழுதி, பீஸ் ஸ்டேஷனில் (களப்பணி அல்லாத அமைதிப் பகுதியில்) தொடங்கியது, வயது சார்ந்த தேய்மானம் என ஒன்றரை வரியில் காரணம் சொல்லி முடித்துவிட்டது. முதல் மேல்முறையீட்டில் நான் பட்ட கஷ்டங்களை எல்லாம் ஒரு பக்கத்துக்கு எழுதினேன். போன மாதம் வந்த மறுப்புக் கடிதத்தில் அதே ஒன்றரை வரிதான் திரும்ப வந்திருக்கிறது.

ஒரு காயம் ஏற்கப்பட்டபின், அந்தக் காயமே கொண்டுவந்த வேறு பாதிப்புகளுக்கும் இயலாமை ஓய்வூதியம் கோர முடியுமா? முடியுமென்றால் இரண்டாம் மேல்முறையீட்டில் எதை எழுத வேண்டும்? அதுவும் மறுக்கப்பட்டால், ஆந்திர முகவரியில் இருக்கும் நான் சென்னையிலுள்ள ஆயுதப் படைகள் தீர்ப்பாயத்துக்குப் போகலாமா? விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

---

கம்மவான்பேட்டை சுபேதார் (ஓய்வு) எழுதியது:

தம்பிக்கு வணக்கம். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள் என்பதால், இப்படிப்பட்ட மறுப்புக் கடிதங்களைத் திண்ணையில் உட்கார்ந்து நிறையப் படித்திருக்கிறேன். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது சதவீதக் கணக்கை. அதைப் பார்க்காமல் மேல்முறையீடு செய்து, வென்ற பிறகும் கையில் ஒரு ரூபாய் கூடாமல் ஏமாந்தவர்கள் உண்டு.

இயலாமை ஓய்வூதியத்தில் இயலாமைக்காகத் தரும் பகுதியான இயலாமைக் கூறு என்பது 100 சதவீத இயலாமைக்குக் கடைசி ஊதியத்தில் 30 சதவீதம். அதற்குக் கீழே விகிதப்படி குறையும். 50க்குக் குறைந்த சதவீதத்தை 50 ஆகவும், 50 முதல் 75 வரை உள்ளதை 75 ஆகவும், 76 முதல் உள்ளதை 100 ஆகவும் உயர்த்திக் கணக்கிடும் முறை இருக்கிறது. பணிக்காலத்தை முழுமையாக முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் இந்தச் சலுகை உண்டு என்று ராம் அவதார் வழக்கில் 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. எனவே உங்கள் ஓய்வூதிய ஆணையை எடுத்து, இடது முழங்காலுக்கு 30 என்று போட்டுப் பணம் வருகிறதா, 50 என்று போட்டு வருகிறதா என்று இன்றே பாருங்கள். 30 என்றிருந்தால் அதை உயர்த்தக் கேட்பதையும் மனுவில் தனிக் கோரிக்கையாகச் சேர்க்க வேண்டும்.

இப்போது தண்டுவடத்தை மட்டும் ஏற்றுக்கொண்டார்கள் என்று வையுங்கள். பல பாதிப்புகளைச் சேர்த்து மதிப்பிடும்போது போர்டு அவற்றை அப்படியே கூட்டிப்போடுவதில்லை என்பது உங்கள் தாளிலேயே தெரிகிறது: 30, 30, 20 கூட்டினால் 80, போர்டு கொடுத்தது 60. இரண்டு பாதிப்புகளை மட்டும் சேர்த்த மதிப்பு 50ஐ எட்டாமல் போனால் நீங்கள் பழைய 50இலேயே நிற்பீர்கள். மூன்றும் ஏற்கப்பட்டால் 60 என்பது 75 ஆகும். அதாவது கடைசி ஊதியத்தில் 15 சதவீதமாக இருப்பது 22.5 சதவீதமாக உயரும். ஆகவே வலது முழங்கால் சிறிய விஷயம் என்று அதை விட்டுவிடாதீர்கள். உங்கள் மேல்முறையீட்டின் பலனே அந்த 20 சதவீதத்தில்தான் தொங்குகிறது.

இரண்டாம் மேல்முறையீட்டுக்கு மறுப்புக் கடிதத்திலிருந்து ஆறு மாத அவகாசம். கடிதம் வந்த உறையைத் தபால் முத்திரையுடன் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மற்ற சட்ட விவரங்களை வழக்கறிஞர் அம்மா சொல்வார்கள்.

---

ராணுவ வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர், சென்னை எழுதியது:

சுபேதார் ஐயா சொன்ன கணக்கு மிகச் சரியானது. மனு எழுதும் பலர் தவறவிடும் இடமும் அதுதான். நான் உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன்.

நமது விதிகள் கேட்பது இரண்டே கேள்விகள்: இந்தப் பாதிப்பு ராணுவப் பணியால் விளைந்ததா, அல்லது ராணுவப் பணியால் தீவிரமடைந்ததா? பணியின்போது ஏற்பட்ட காயம் உங்கள் நடையை மாற்றியது, மாறிய நடை தண்டுவடத்தையும் மறு காலையும் கெடுத்தது என்றால், அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி பணியில் இருக்கிறது. முதல் கண்ணியை அரசே ஏற்றுக்கொண்டும் விட்டது. எனவே நீங்கள் எடுத்துக் காட்ட வேண்டியது முதல் கண்ணிக்கும் இரண்டாம் கண்ணிக்கும் இடையிலுள்ள தொடர்பை மட்டுமே. உங்கள் முதல் மேல்முறையீட்டின் குறையும் இதில்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். பனியிலும் மலையிலும் பட்ட கஷ்டங்களைச் சொல்லியிருப்பீர்கள். அவை உண்மைதான் என்றாலும், தண்டுவடத்தை இடது முழங்காலோடு கட்டும் ஒரு வாக்கியம் அதில் இருந்திருக்காது. அந்த வாக்கியம் இல்லாத மனுவுக்கு மேல்முறையீட்டுக் குழு போர்டின் வரியையே திரும்பப் படித்துக் காட்டுவதில் வியப்பில்லை.

நீங்கள் 2023 செப்டம்பர் 21க்கு முன் ஓய்வு பெற்றதால் அன்று நடைமுறைக்கு வந்த புதிய தகுதி விதிகள் உங்களுக்குப் பொருந்தாது; 2008ஆம் ஆண்டு விதிகளே பொருந்தும். அவற்றின்படி, கோருபவரைச் சாதாரணமாக நிரூபிக்கச் சொல்லக் கூடாது. பணியிலிருந்து விலகி 15 ஆண்டுகளுக்குப் பிறகு கோரினால்தான் நிரூபிக்கும் சுமை அவர்மீது விழும். உங்கள் பாதிப்புகள் மூன்றும் பணிக்காலத்திலேயே பதிவானவை என்பதால் அந்தச் சுமை உங்களுக்கு இல்லை.

தரம்வீர் சிங் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை மனுவில் எடுத்துச் சொல்லுங்கள். படையில் சேரும்போது குறிக்கப்படாத நோய் பின்னால் தோன்றினால் அது பணியால் வந்ததாகவே கொள்ளப்பட வேண்டும், ஐயத்தின் பலன் வீரருக்கே போக வேண்டும், அப்படியில்லை என்று சொல்லும் போர்டு அதற்கான காரணங்களை எழுத வேண்டும் என்பதே அதன் சாரம். இதன் தொடர்ச்சியாக, காரணம் எழுதப்படாத போர்டு கருத்தின் மேல் எடுத்த முடிவு நிற்காது என்று 2025 மே மாதம் ராஜுமோன் வழக்கில் அதே நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. பீஸ் ஸ்டேஷனில் தொடங்கியது என்பது மட்டுமே மறுப்பதற்குப் போதுமான காரணமாகாது என்று டெல்லி உயர் நீதிமன்றமும் 2025இல் ஒரு நீரிழிவு வழக்கில் கூறியிருக்கிறது. உங்கள் வழக்கில் இந்த வாதம் இன்னும் வலுவானது. காயம் பட்ட கால் பீஸ் ஸ்டேஷனுக்கும் உங்களோடுதான் வந்தது; நொண்டல் எந்த ஊரில் இருந்தாலும் நொண்டல்தான்.

ஆனால் தீர்ப்புகளை அடுக்கினால் வென்றுவிடலாம் என்று எண்ண வேண்டாம். நரசிங் யாதவ் வழக்கில் 2019இல், நோய் பணியால் வந்தது என்ற அந்த அனுமானத்தை இயந்திரத்தனமாகப் பொருத்த முடியாது, மருத்துவ வாரியத்தின் கருத்துக்கு உரிய மதிப்பு தர வேண்டும் என்று சொல்லி உச்ச நீதிமன்றமே கோரிக்கையை மறுத்திருக்கிறது. அரசுத் தரப்பு அதைத்தான் கையில் எடுக்கும். ஆகவே உங்கள் பலம் தாள்களில் இருக்க வேண்டும்.

சேகரிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். படையில் சேர்ந்தபோது நடந்த மருத்துவப் பரிசோதனைத் தாள், ஐ.ஏ.எஃப்.ஒய்.-2006 என்ற காய அறிக்கை. 2009 முதல் ஓய்வு வரை ஒவ்வொரு முறையும் கேட்டகரியைப் புதுப்பித்தபோது எழுதப்பட்ட போர்டு தாள்கள். ஓய்வுக்கால போர்டின் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-16 என்ற படிவம். இவற்றில் எது உங்களிடம் இல்லையோ அதைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் படையின் ஆவண அலுவலகத்திடம் கேளுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள் அவகாசம். கேட்கும்போது ‘எல்லா ஆவணங்களும்’ என்று பொதுவாகக் கேட்காமல், ஒவ்வொரு தாளின் பெயரையும் ஆண்டையும் எழுதிக் கேளுங்கள்.

அந்தத் தாள்களில் இரண்டு விஷயங்களைத் தேட வேண்டும். முதலாவது உங்கள் எடை. தண்டுவடத் தேய்மானத்தையும் மூட்டுத் தேய்மானத்தையும் உடல் பருமன் மீது போடுவது வழக்கம். 2009 முதல் 2019 வரை எடை அளவுக்குள்ளேயே இருந்திருந்தால் அந்த வாதம் அங்கேயே முடிந்துவிடும். இரண்டாவது, உங்கள் நடையைப் பற்றியோ இடது தொடைத் தசை மெலிந்ததைப் பற்றியோ எந்த மருத்துவராவது எழுதிய ஒரு சொல். ராணுவ மருத்துவரின் கையெழுத்தில் இருக்கும் அந்த ஒரு சொல், வெளி மருத்துவர் இப்போது எழுதித் தரும் பத்துப் பக்கத்தைவிட மதிப்புடையது. செருப்புத் தேய்வதை மனுவில் சாட்சியாக வைக்க முடியாது. ஆனால் மருத்துவரிடம் அந்தச் செருப்பை அவசியம் கொண்டுபோய்க் காட்டுங்கள். பார்த்ததை அவர் எழுதினால் அது சாட்சியாகும்.

மனுவில் பணியால் விளைந்தது என்று ஒரு கோரிக்கையும், அப்படி ஏற்காவிட்டால் பணியால் தீவிரமடைந்தது என்று மாற்றுக் கோரிக்கையும் வையுங்கள். தேய்மானம் வயதால் தொடங்கியதாகவே இருக்கட்டும். நொண்டும் காலோடு அதன்பின் ஒன்பது ஆண்டுகள் பணி செய்ததில் அது கூடவில்லை என்று போர்டு எங்கேயும் சொல்லவில்லை.

சென்னையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஆயுதப் படைகள் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு தமிழ்நாட்டுக்கு மட்டுமல்ல, ஆந்திராவுக்கும் உரியது. ஓய்வு பெற்றவர் தாம் வசிக்கும் இடத்துக்குரிய அமர்வில் மனுச் செய்யலாம். இரண்டாம் மேல்முறையீட்டை மறுத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அங்கே வர வேண்டும். மேல்முறையீடு கொடுத்து ஆறு மாதம் ஆகியும் பதிலே வராவிட்டால் அதற்கு மேல் காத்திருக்கத் தேவையில்லை, அப்போதும் தீர்ப்பாயத்தை அணுகலாம். இரண்டாம் மேல்முறையீட்டைத் தவிர்த்து நேரே போகலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. உள் வழிகள் முடிந்த பிறகு வருபவரின் மனுவில் எதிர்த்தரப்புக்குத் தொங்கிக்கொள்ள ஒரு ஆணி குறைகிறது.

---

குப்பம் ஆசிரியர் எழுதியது:

நான் படைவீரன் அல்லன். என் அக்கா மகன் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவன். குறிப்பிட்ட சில மொழிகள் தெரிந்த வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொள்ளும் ‘மாவ்னி’ என்ற திட்டம் ஒன்று அங்கே இருந்தது. அந்த மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது. அதில் சேர்ந்தவன் அவன். அவனுக்கும் பயிற்சியில் முழங்கால் போய், இரண்டு ஆண்டுகளில் இடுப்பு போயிற்று. இடுப்புக்கான கோரிக்கை முதலில் மறுக்கப்பட்டது. அந்தச் சமயத்தில் அவனோடு பேசிப்பேசி நான் தெரிந்துகொண்டது உங்களுக்குப் பயன்படலாம்.

அந்த நாட்டில் இதற்கென்றே விதி எழுதப்பட்டிருக்கிறது. கூட்டாட்சி ஒழுங்குவிதித் தொகுப்பின் 38ஆம் தலைப்பு, பிரிவு 3.310. பணியோடு தொடர்புடையதாக ஏற்கப்பட்ட ஒரு பாதிப்பின் விளைவாக வரும் மற்றொன்றும் பணியோடு தொடர்புடையதே என்று அது சொல்கிறது. முன்பே இருந்த வேறொரு நோயை அந்தப் பாதிப்பு மோசமாக்கினால், மோசமான அளவுக்கும் அதே உரிமை உண்டு. மறுக்கப்பட்டவருக்கு 2019 பிப்ரவரி முதல் மூன்று வழிகள்: புதிய சான்று இருந்தால் துணைக் கோரிக்கை; சான்று போதும், முடிவுதான் தவறு என்றால் மூத்த அலுவலர் ஒருவரின் மறுபரிசீலனை (அதில் புதிய சான்று எதையும் சேர்க்க முடியாது); இல்லையென்றால் மேல்முறையீட்டு வாரியம். முடிவு வந்த ஓராண்டுக்குள் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தால் பழைய தேதியின் பலன் காப்பாற்றப்படும்.

என் மருமகன் முதல் வழியைத் தேர்ந்தான். அவன் புதிதாகச் சேர்த்தது மருத்துவரின் ஒரே ஒரு கடிதம். முன்பு கொடுத்த கடிதத்தில் மருத்துவர், முழங்காலால் இடுப்பு பாதிக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு என்று மட்டும் எழுதியிருந்தார். இரண்டாவது கடிதத்தில், தாம் எந்தெந்தப் பதிவுகளைப் படித்தார் என்பதைத் தேதியோடு சொல்லி, நடை எப்படி மாறியது, அது இடுப்பெலும்பை எந்தப் பக்கம் சாய்த்தது, அதனால் தண்டுவடத்தின் எந்த வட்டுகளில் சுமை ஏறியது என்று படிப்படியாக விளக்கி, வேறு காரணங்களை ஏன் விலக்குகிறார் என்றும் கூறி, இது அந்தக் காயத்தின் விளைவாக இருப்பதற்கான சாத்தியம் குறைந்தது பாதிக்குப் பாதி என்று முடித்திருந்தார். அங்கே சட்டம் எதிர்பார்க்கும் அளவுகோலே அந்தப் பாதிக்குப் பாதிதான். அந்தக் கடிதத்தின் பேரில் இடுப்பும் ஏற்கப்பட்டது.

அமெரிக்க விதியை இங்கே சட்டமாகக் காட்ட முடியாது என்பது எனக்குத் தெரியும். வழக்கறிஞர் அம்மா தவறாக நினைக்க வேண்டாம். ஆனால் காரணத்தை எழுதும் அந்த ஒழுங்கு எந்த நாட்டுக்கும் பொதுவானது. நம் ஊர் மருத்துவர்கள் வேலை நெருக்கடியில் இரண்டு வரி எழுதித் தருவார்கள். பதிவுகளை வரிசையாக அடுக்கிக் கையில் கொடுத்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு வாக்கியம் எழுதித் தரும்படி பணிவாகக் கேட்டால் பெரும்பாலோர் மறுக்க மாட்டார்கள்.

---

எல்லையோர ஹவில்தார் எழுதியது:

சுபேதார் ஐயாவுக்கும், வழக்கறிஞர் அம்மாவுக்கும், ஆசிரியர் ஐயாவுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. ஓய்வூதிய ஆணையைப் பார்த்தேன். 30 சதவீதத்துக்குத்தான் பணம் வந்துகொண்டிருக்கிறது. இரண்டரை ஆண்டுகளாக இதைக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

நேற்று இரவு தகரப் பெட்டியைத் திறந்து, நானும் என் மகளும் தரையில் தாள்களை ஆண்டு வாரியாகப் பரப்பினோம். 2014 கேட்டகரி போர்டின் தாளில் எலும்பு மருத்துவர் கையால் எழுதியதை மகள் எழுத்துக் கூட்டிப் படித்தாள்: ‘அன்டால்ஜிக் கெய்ட், லெஃப்ட்.’ இடது காலில் வலியால் ஊன்ற முடியாமல் நடக்கிறார் என்று பொருளாம். அதற்கு அடுத்த வரியிலேயே இடுப்பு வலியைப் பற்றி எழுதியிருக்கிறார். இடது தொடையின் சுற்றளவு வலதைவிட மூன்று சென்டிமீட்டர் குறைவு என்றும் அளந்து குறித்திருக்கிறார். எடை 68 கிலோ. 2019 தாளிலும் 70தான். பதினோரு ஆண்டுகளாக அந்தத் தாள் என் கட்டிலுக்கு அடியில்தான் இருந்திருக்கிறது.

ஒரு சந்தேகம். தண்டுவடத்துக்கு இப்படிப் பதிவு இருக்கிறது. வலது முழங்காலுக்கு 2019இல் எக்ஸ்ரே அறிக்கை மட்டுமே இருக்கிறது. அதை எப்படி இணைப்பது?

---

ராணுவ வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர், சென்னை எழுதியது:

அந்த 2014 தாளை முதல் இணைப்பாக வையுங்கள். அசலைக் கொடுக்காதீர்கள், நகலிலும் பேனாவால் கோடிட வேண்டாம், பக்க எண்ணையும் வரியையும் மனுவில் குறிப்பிட்டால் போதும். 30க்குப் பணம் வருவது பற்றிய கோரிக்கையைத் தனிப் பத்தியாக எழுதுங்கள். அது மற்ற இரண்டின் முடிவைச் சார்ந்ததல்ல. நிலுவையைப் பொறுத்தவரை, தார்செம் சிங் வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் அதை மனுவுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டுப்படுத்தியிருக்கிறது. நீங்கள் இன்னும் அந்த மூன்று ஆண்டுக்குள் இருக்கிறீர்கள். தாமதிக்க வேண்டாம்.

வலது முழங்காலுக்கு, இடது தொடையின் அந்த மூன்று சென்டிமீட்டர்தான் பாலம். இடது கால் தசை மெலிந்தது 2014இலேயே அளக்கப்பட்டிருக்கிறது. மெலிந்த கால் சுமக்காத எடையை ஐந்து ஆண்டுகள் வேறு எந்தக் கால் சுமந்தது என்ற கேள்வியை மருத்துவர் தம் கடிதத்தில் எழுப்பி, பதிலையும் அவரே எழுதட்டும். இரு முழங்கால்களுக்கும் இப்போது நிற்கும் நிலையில் ஒரே நாளில் எக்ஸ்ரே எடுத்து, 2019 படத்தையும் கூடவே காட்டுங்கள். தொடைச் சுற்றளவை அதே இடத்தில் மறுபடியும் அளந்து எழுதச் சொல்லுங்கள். கடிதம் வந்ததும் மனுவின் வரைவை இங்கே இடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். பெயர், படை எண், முகவரி மூன்றையும் மறைத்துவிட்டு இடுங்கள்.